வரைபடத்தில் இல்லாத மரம்

அன்று காலை நான்கு முளைகள் அடிக்கவேண்டியிருந்தது. மூன்றை அடித்துவிட்டேன். நான்காவது முளைக்கு உரிய இடத்தில் ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது.

அபுதாபியிலிருந்து அல் ஐன் போகும் சாலையை விட்டு விலகி, உள்ளே பாலைவனத்தில் ஒரு பெரிய கிடங்கு கட்டிக்கொண்டிருந்தோம். அங்கே நான் சர்வேயர். காகிதத்தில் வரைந்திருக்கிற கட்டடம் மணலில் எந்த இடத்தில் வரவேண்டும் என்று கருவி வைத்து அளந்து முளை அடித்துக் காட்டுவது என் வேலை. அன்றைய முளைகள் லாரிகளை எடை போடும் மேடைக்கானவை. கருவி சொன்ன இடத்துக்குப் போனால் அடிமரம் நிற்கிறது. கருவியில்தான் கோளாறு என்று மறுபடி அளந்தேன். இரண்டாவது முறை முளைக்கான புள்ளி இன்னும் துல்லியமாக மரத்தின் நடுவுக்குள் போனது.

நல்ல பெரிய மரம். கிளைகள் குடை போல விரிந்து நுனி தொங்கிக்கொண்டிருந்தன. ஒட்டகங்கள் எட்டிய மட்டும் மேய்ந்திருந்ததால் அடிப்பக்கம் கத்தரித்து விட்டதுபோல ஒரே மட்டத்தில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு மரமே கிடையாது. கண்ணில் படாமல் போக வாய்ப்பே இல்லாத மரம். ஆனால் டிராயிங்கில் அது இல்லை. அந்த டிராயிங்குக்கு அளவு எடுத்துக்கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

ஜனவரியில் அளக்க வந்தபோது என்ன நடந்தது என்று நின்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. கருவிக்கு வெயில் ஆகாது. அதற்கென்று ஒரு குடை உண்டு. அன்று அடித்த காற்றில் அந்தக் குடை பறந்துபோய்விட்டது. நிழல் தேடிக் கருவியை இந்த மரத்தடியில் நிறுத்தினேன். அங்கே நின்றபடி நாலாபுறமும் சுற்றிச் சுற்றி அளந்தேன். மணல்மேடு, வேலிக்கம்பம், பழைய தண்ணீர்த்தொட்டி, செத்துக் கிடந்த ஒரு டயர் வரைக்கும் அளந்து குறித்தேன். என் தலைக்கு மேலே இருந்ததை மட்டும் அளக்கவில்லை.

புராஜெக்ட் மேனேஜர் சென்னைக்காரர். குடும்பத்தோடு நகரத்தில் இருந்தார். தினமும் காரில் வந்து சைட் ஆபீஸ் கண்டெய்னருக்குள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அன்று அவரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டியதாயிற்று. மரத்தை ஒருமுறையும் டிராயிங்கை இருமுறையும் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"மரம் சார்."

"மரம்னு எனக்கும் தெரியும். டிராயிங்ல எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"நீ சர்வே பண்ணப்ப இது இருந்துச்சா, இல்லையா?"

"இருந்திருக்கும் சார்."

"இருந்திருக்கும்னா? மூணு மாசத்துல முளைச்சு இவ்வளவு பெருசா வளந்துடுச்சா?"

வளர்ந்துவிட்டது என்று சொன்னால் நம்புவாரா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"சரி, பொக்லைனைக் கூப்பிடு. பேசாம எடுத்துடலாம்."

பொக்லைன் ஓட்டுபவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, பாகிஸ்தான்காரர். இருபது வருஷமாக இந்த நாட்டு மணலைத் தோண்டுகிறவர். வந்தார், மரத்தைப் பார்த்தார், வண்டியின் எஞ்சினை நிறுத்தினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யே காஃப் ஹை, பாய். ஹாத் லகாயா தோ சீதா ஜெயில்."

கை வைத்தால் நேரே ஜெயில் என்றார். காஃப் என்பது இந்த நாட்டின் மரம். அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது, கிளையை ஒடிக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. இதெல்லாம் இன்ஜினீயரிங் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. மேனேஜர் கண்டெய்னருக்குத் திரும்பினார். பிறகு, மரத்தை வேறிடத்துக்கு மாற்ற அனுமதி கேட்டு நகராட்சிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினோம். பதில் வரவில்லை. மரத்தைச் சுற்றி மற்ற வேலைகளை ஆரம்பித்தோம்.

ஜூன் மாதம் பாதியில் மதிய இடைவேளை சட்டம் வந்துவிடும். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது. அதற்காகக் கம்பெனி ஒரு கண்டெய்னரில் ஏசி போட்டு ஓய்வறை வைத்திருந்தது. நாற்பது பேரின் சாக்ஸும் நாற்பது பேரின் மீன்குழம்பும் ஒரே கண்டெய்னருக்குள். இரண்டாம் நாள் ஜெனரேட்டர் நின்றது. அரைமணி நேரத்தில் எல்லோரும் வெளியே வந்து மரத்தடிக்குப் போனார்கள். ஜெனரேட்டரைச் சரிசெய்த பிறகும் யாரும் கண்டெய்னருக்குத் திரும்பவில்லை.

எனக்கு அது முதலில் புரியவில்லை. நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே இரும்புக்கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே, அந்தச் சின்னச்சின்ன இலைகளுக்குக் கீழே, காற்று வந்து முகத்தில் பட்டால் அது காற்றுதான், அடுப்பு இல்லை. மணல்கூடக் கால் வைக்கிற மாதிரி இருந்தது. கருவிக்காக நான் வைத்திருக்கிற தெர்மாமீட்டரை வெயிலில் ஒருமுறையும் நிழலில் ஒருமுறையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நாடு என்று சொல்ல முடியாது. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன்.

பிரச்சினை மூன்றாம் நாள் தொடங்கியது. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்ப்பென்டர்கள் இருபத்திரண்டு பேர், எல்லோரும் நம் ஆட்கள். அவர்களுக்கு மூத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர். ஐம்பது வயது, குரல் மட்டும் முப்பது. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற பட்டாணிகள் பதினெட்டுப் பேர். வண்டிகள் மரத்துக்கு அருகில் நின்றதால் அவர்கள் முதலில் வந்து இடம் பிடித்துவிடுவார்கள். கார்ப்பென்டர்கள் அரை கிலோமீட்டர் நடந்து வந்து சேரும்போது தலை நிழலிலும் கால் வெயிலிலுமாகத்தான் இடம் மிச்சமிருக்கும்.

"மெஷின்ல ஒக்காந்துகிட்டே வேலை பாக்குறவனுக்கு எதுக்குடா நெழலு?" என்று அண்ணன் தமிழில் கேட்டார்.

"கேபின் மே ஏசி மாஃபி!" என்று பொக்லைன்காரர் பதில் சொன்னார். மாஃபி என்றால் இந்த ஊர் அரபியில் 'இல்லை'. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் சண்டையில் ஒரு வார்த்தைகூடத் தவறாகப் புரியவில்லை.

இன்னொரு சிக்கல், நிழல் ஒரே இடத்தில் நிற்காது. பன்னிரண்டரைக்கு மரத்துக்கு நேர் கீழே இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் கிழக்கே நகரும். மேற்கே படுத்தவன் கால்மணிக்கு ஒருமுறை எழுந்து கிழக்கே படுத்திருப்பவன்மேல் உருளவேண்டும். ஒருநாள் யாரோ உருண்டதில் யாருடைய சாப்பாட்டு டப்பாவோ கவிழ்ந்து, கைகலப்புவரை போய்விட்டது.

அண்ணன் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீதான் எதையும் மில்லிமீட்டர்ல அளப்பியே. இந்த நெழல அளந்து பிரிச்சு வுடு. ஒங் கருவி சொன்னா அவனுவளும் கேப்பானுவ, நாங்களும் கேப்போம்."

சிரித்தேன். அன்று மாலை ஆபீஸில் உட்கார்ந்து செய்தும்விட்டேன். அடிமரத்தையும் கிளை நுனிகளையும் அளந்து, சூரியன் எந்த நேரத்தில் எந்தக் கோணத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டரை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு நிழல்களை வரைந்தேன். மறுநாள் காலை சுண்ணாம்புத்தூளால் மணலில் கோடு போட்டேன். நடுவில் ஒரு எல்லை. வடக்கே பட்டாணிகள், தெற்கே கார்ப்பென்டர்கள். ஆள்கணக்குப்படி தெற்கே கொஞ்சம் அதிகம். எனக்கென்று அடிமரத்தை ஒட்டி ஒரு சின்ன இடம் ஒதுக்கிக்கொண்டேன். நீதி வழங்குகிறவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? அங்கே எறும்புப் புற்று இருந்தது மதியம்தான் தெரிந்தது.

ஆச்சரியம், எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கருவி சொன்ன கோடு என்றால் அப்படியொரு மரியாதை. சூரியனின் சாய்வு மாறுவதால் பத்து நாளைக்கு ஒருமுறை கோட்டைத் திருத்தினேன். மேனேஜருக்கு விஷயம் தெரிந்தது பிரின்டரில்தான்.

"யோவ், செப்டிக் டேங்க் டிராயிங் கேட்டு ஒரு வாரமாச்சு, வரல. இது என்ன, 'ஷேட் லேஅவுட்', ரிவிஷன் ரெண்டு வரைக்கும் போயிருக்கு?"

"லேபர் வெல்ஃபேர் சார்," என்றேன். அந்த வார்த்தைக்கு எதிராக எந்த மேனேஜரும் பேசமுடியாது.

இதற்கிடையில் அண்ணன் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு மதியம் படுத்தபடி இலையையும் முள்ளையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது வன்னி மரம்ல? எங்க ஊரு கோயில்ல தல விருட்சம் இதான். அங்க சுத்தி வந்து கும்புடுறோம், இங்க அடியில படுத்து எச்சி சோறு திங்கிறோம்."

அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஒரே மரம். மறுநாளிலிருந்து அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிழலுக்குள் வந்தார். அந்த வாரம் அடிமரத்தில் ஒரு மஞ்சள் கயிறும், அதற்குமேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வந்துவிட்டன. அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அதைப் பொக்லைன்காரர் எடுத்து, தண்ணீர் பாட்டிலில் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, இந்த வெயிலில் இதை இங்கே வைத்துவிட்டுப்போன நல்லவன் நன்றாயிருக்கவேண்டும் என்று வாழ்த்தினார். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "சரி, எப்புடியோ ஒரு வாயிக்குத்தான போச்சு," என்றார். அடுத்த வாரம் இரண்டு பழம் வைத்தார்.

இந்த நிலையில்தான், மூன்று மாதம் வராத பதில், காரில் நேரில் வந்தது.

நகராட்சியிலிருந்து வந்தவர் ஒரு இளம்பெண், இந்த நாட்டுக்காரர். கறுப்பு அபாயா அங்கிக்குக் கீழே சேஃப்டி ஷூ, தலையில் வெள்ளை ஹெல்மெட். மேனேஜர் ஓடிப்போய் வரவேற்றார். நான் டிராயிங் சுருளோடு பின்னால் போனேன். அந்தப் பெண் நேராக மரத்திடம் போய், ஒரு சுற்று வந்து, அடிமரத்துக்கு முன்னால் நின்றார். முகம் மாறிவிட்டது.

"வெட்டுவதற்கு அடையாளம் போட்டது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எந்த சைட்டிலும் சிவப்பு அடையாளம் என்றால் அகற்றவேண்டியது என்று அர்த்தம். குங்குமத்தை அவர் பெயின்ட் என்று நினைத்துவிட்டார். மஞ்சள் கயிற்றை அளவுக் கயிறு என்று நினைத்துவிட்டார். பிறகு கீழே பார்த்தார். மரத்தைச் சுற்றி என் வெள்ளைக் கோடுகள்.

"தோண்டுவதற்குக் கோடும் போட்டாகிவிட்டது. அனுமதி கேட்டுக் கடிதம், ஆனால் வேலை ஏற்கெனவே ஆரம்பம். அப்படித்தானே?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. "சொல்லேன்ப்பா, வாயத் தொறந்து சொல்லு!"

"மேடம், அது தோண்டுகிற கோடு இல்லை. நிழல் கோடு," என்றேன்.

"என்ன கோடு?"

விளக்கினேன். பட்டாணி, கார்ப்பென்டர், சூரியனின் கோணம், உருளல், கவிழ்ந்த சாப்பாட்டு டப்பா. சொல்லச் சொல்ல, உண்மையைச் சொல்லும்போதும் ஒருவன் பொய்யன்போல் தோன்றமுடியும் என்று தெரிந்துகொண்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

"நான் காத்திருக்கிறேன்," என்று காரில் ஏறி உட்கார்ந்தார்.

பன்னிரண்டரைக்கு சைரன் அடித்தது. என் வாழ்க்கையில் நாற்பது பேர் ஒழுங்காக நடந்துகொள்ளவேண்டும் என்று அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. பட்டாணிகள் வந்தார்கள், கோட்டுக்கு வடக்கே பாயை விரித்தார்கள். கார்ப்பென்டர்கள் வந்தார்கள், கோட்டுக்குத் தெற்கே. ஒருவன் பாய் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறியிருந்தது. பொக்லைன்காரர் விரலைக் காட்டினார், அவன் இழுத்துக்கொண்டான். அண்ணன் கடைசியாக வந்து, செருப்பைக் கழற்றி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெண் காரிலிருந்து இறங்கி மரத்தடிக்கு வந்தார். பிறகு சிவப்பைக் காட்டி மெதுவாகக் கேட்டார், "அப்படியானால் இது?"

"மரியாதை, மேடம். எங்கள் ஊரில் இந்த மரம் கோயிலில் இருக்கும்."

"இதே மரமா?"

"இதே மரம்."

"மரியாதை ஓகே," என்றார். "சிவப்பு மாஃபி. என் அதிகாரி புகைப்படம் பார்த்தால் எனக்கு வேலை மாஃபி."

அண்ணன் உடனே எழுந்து துண்டால் துடைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அந்தப் பெண் டிராயிங்கைக் கேட்டார். விரித்துக் காரின் முன்பக்கத்தில் வைத்தேன். அவர் இன்ஜினீயர். விரல் நேராக ஒரு முக்கோணக் குறிக்குப் போனது. அளக்கும்போது கருவி நின்ற இடத்துக்கு நாங்கள் போடுகிற குறி அது.

"உங்கள் கருவி இங்கே நின்றதா?"

"ஆமாம் மேடம்."

மரத்தைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். "இந்த இடம் மரத்தடி."

"ஆமாம் மேடம்."

"நாள் முழுவதும் இங்கே நின்று அளந்தீர்கள். மரத்தைப் பார்க்கவில்லை?"

"அதன் நிழலில் நின்றிருந்தேன், மேடம்," என்றேன்.

அவர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. ஹெல்மெட் நழுவும்வரை சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அவர் மனதில் இருந்த கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்திருந்தது. "ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்," என்று தமிழில் மட்டும் சொன்னார். ஆபீசில் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

தீர்ப்பு மறுநாளே வந்தது. மரத்தை மாற்றக்கூடாது. எடை மேடையும் அதை ஒட்டி வரவிருந்த லாரி வாசலும் தள்ளிப் போகவேண்டும். மரத்தைச் சுற்றிக் கிளை நுனிக்கு வெளியே வேலி போடவேண்டும். உத்தரவு என்றால் மேனேஜர் வேகமானவர். அன்று மதியத்துக்குள் ஆளுயர இரும்பு வேலி வந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு நாற்பது பேரும் பாயும் கையுமாக வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். நிழல் முழுவதும் உள்ளே பத்திரமாக இருந்தது.

அன்று நான் வாங்கிய வசவு மூன்று மொழிகளில். அண்ணன் மட்டும் திட்டவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கோயில கட்டிப்புட்டு கதவ வைக்காம வுட்டுட்டியே தம்பி," என்றார். மூன்று மணிக்கு நிழல் வளர்ந்து வேலியைத் தாண்டி வெளியே வந்தது. அதே நேரத்தில் டூட்டி சைரனும் அடித்தது.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த நாள்கள் அவை. ஆனால் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மெயில் போடு, கேட்டுடு," என்றார். மனிதர்கள் மரத்தடியில் உட்காரலாமா என்று கேட்டு ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: வேலி இயந்திரங்களுக்கு, மனிதர்களுக்கு அல்ல, ஒரு வாசல் வையுங்கள். மேனேஜர் அதை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேலியிலேயே கட்டினார். வாசலைப் பட்டாணிகளும் கார்ப்பென்டர்களும் சேர்ந்து வைத்தார்கள். பொக்லைன்காரர் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

டிசம்பரில் கிடங்கு வேலை முடியும் கட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சைட்டுக்கு வந்தார். கூடையில் புளியோதரை, தயிர்சாதம், சிப்ஸ். மரத்தடியில் விரிப்பை விரித்து, தான் எப்படி இந்த மரத்தைக் காப்பாற்றினேன் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் பொக்லைனை நிறுத்தியது அவர். லாரி வாசலை நகர்த்தச் சொன்னது அவர். வேலியில் கதவு வைத்ததும் அவர். சைட் கேட்டின் சாவியோடு நின்றிருந்த நான் மறுக்கவில்லை. அந்த வாரம்தான் என் லீவு விண்ணப்பம் அவர் மேஜையில் இருந்தது.

பெரியவள், "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரீ," என்றாள். சின்னவள் வைஃபை இருக்கிறதா என்று கேட்டாள். மாஃபி என்றேன். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அரைமணி நேரத்தில் சின்னவள் மல்லாந்து படுத்து இலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் நான்கு பேரும் தூங்கிப்போனார்கள். மேனேஜரின் குறட்டை சைட் ஆபீஸ்வரை கேட்டது.

இரண்டு மணிக்கு நான் கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் ஒப்படைக்கவேண்டும். போய் மெல்ல இருமினேன். அவர் மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இன்னும் ஒரு பத்து நிமிஷம், தம்பி," என்றார். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்தேன். நாலரைக்குத்தான் கிளம்பினார்கள்.